சொந்தமா ஒரு மொழி கட்டுறது எப்பிடி: முதல்ல சத்தம், அதுக்குள்ளால பெயர்ச்சொல்

மொழி ஒண்டு உருவாக்கோணும் எண்டு ஆசைப்படுற ஆக்கள் முதல் நாளே செய்யிற வேலை, ஒரு கொப்பிய எடுத்து இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் தாங்கள் கண்டுபிடிச்ச சொல் எண்டு எழுதத் தொடங்குறது, தண்ணி எண்டா இது, வீடு எண்டா அது எண்டு இருநூறு சொல் எழுதி முடிச்சாப் பிறகு வாசிச்சுப் பாத்தா அது புது மொழியா இருக்காது, தமிழுக்குப் போட்ட ரகசியக் குறியீடா இருக்கும். ஏனெண்டா வசனம் போற போக்கு, சொல் முடியிற விதம், மீன் வாங்கினன் எண்டும் மீனை வாங்கினன் எண்டும் ரெண்டு விதமாச் சொல்லலாம் எண்ட அந்த நுணுக்கம் எல்லாம் தமிழ்ட. சொல் மட்டும்தான் மாறியிருக்கு.

அதால அகராதிய ஒரு பக்கம் வைச்சிட்டு சத்தத்தில தொடங்குங்க. சத்தத்த ஒழுங்காத் தீர்மானிச்சா பெயர்ச்சொல் இலக்கணத்தில பாதி தானா வந்து விழும். சத்தம் ஒரு வேலை, இலக்கணம் இன்னொரு வேலை எண்டு பிரிச்சு வைச்சுக் கட்டுற மொழிதான் பேப்பர்ல மட்டும் நிக்கும், வாயில வராது.

விளங்கப்படுத்த ஒரு மாதிரி மொழிய இதுக்குள்ளயே கட்டிக்கொண்டு போறன். பேர் ஙலுமி. திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரக்குடாவுக்குள்ள இல்லாத ஒரு தீவ இருக்கிறதா நினைச்சு, அதில வள்ளத்தில சீவிக்கிற சனம் கதைக்கிற மொழி எண்டு வைச்சிருக்கிறன். ஆர் கதைக்கிறது, எங்க இருந்து கதைக்கிறது எண்டத முதலே முடிவெடுங்க, பின்னால வாற நிறையக் கேள்விக்கு அதுதான் பதில் தரும்.

முதல்ல உங்கட வாயிலயே என்ன இருக்கெண்டு பாருங்க. ப, ம, வ மூண்டையும் சொல்லுங்க, உதடு வேலை செய்யும். த, ந சொன்னா நாக்கு பல்லில முட்டும். ற்ற, ன சொன்னா பல்லுக்கு மேல இருக்கிற முரசில முட்டும், ட, ண, ள, ழ வுக்கு நாக்கு மேல வளையும், ச, ஞ, ய வுக்கு நடுநாக்கு எழும்பும், க, ங வுக்கு அடிநாக்கு. இத எங்கட பழைய இலக்கணக்காரர் எப்பவோ வரிசையா எழுதி வைச்சிட்டாங்க, தொல்காப்பியத்தில பிறப்பியல் எண்டு ஒரு இயலே இதுக்குத்தான் இருக்கு. இந்த வரிசைய ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு எழுதுங்க, மேல இடம் (உதடு, பல், முரசு, வளைநாக்கு, நடுநாக்கு, அடிநாக்கு), பக்கத்தில விதம் (அடைச்சுத் திறக்கிறது, மூக்கால வாறது, உரசி வாறது, நழுவி வாறது). இந்தக் கட்டம்தான் உங்கட வேலை மேசை.

இலங்கைத் தமிழ் கதைக்கிற எங்களுக்கு இதில ஒரு வசதி இருக்கு. நாங்க மார்க்கற், ரிக்கற் எண்டு எழுதுறம், தமிழ்நாட்டில மார்க்கெட், டிக்கெட் எண்டு எழுதுவாங்க. ஆங்கிலத்தில வாற அந்தச் சத்தம் முரசில பிறக்கிறது, எங்கட ற் உம் அதே இடத்தில பிறக்கிறதால எங்கட காது அத ட் எண்டு எடுக்காம ற் எண்டு எடுக்குது. த, ற், ட மூண்டையும் மூண்டு இடமாக் கேக்கிற காது உலகத்தில எல்லாருக்கும் இல்ல. திருகோணமலை பஸ் ஸ்ராண்டில கொஞ்ச நேரம் நிண்டாலே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூண்டும் காதில விழும், அந்த வித்தியாசங்கள சும்மா விடாம பிடிச்சு எழுதி வைங்க. உதாரணத்துக்கு சிங்களத்தில மலைக்கு ஒரு சொல், மரத்தின்ட அடித்தண்டுக்கு ஒரு சொல், எங்களுக்கு ரெண்டுமே கந்த எண்டு கேக்கும், ஆனா ஒண்டில ந் முழுசா வரும், மற்றதில அரைவாசியா த வோட ஒட்டிக்கொண்டு வரும். அந்த அரை மூக்குச் சத்தம் உலகத்தில குறைவாத்தான் கிடைக்கும், எங்களுக்குப் பக்கத்து வீட்டிலயே இருக்கு.

இப்ப தெரிவு செய்யிற கட்டம். இதில நான் பாக்கிற பெரிய பிழை, நிறையச் சத்தத்த அள்ளிப் போடுறது. மொழி வித்தியாசமாக் கேக்கோணும் எண்டு அரபில இருந்து தொண்டைச் சத்தம், சூலு மொழியில இருந்து நாங்க உச்சுக் கொட்டுற மாதிரியான அந்தச் சத்தம் எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டினா கேக்கிறவனுக்கு ஒரு மொழி எண்ட உணர்வே வராது. ஒரு மொழிக்கு முகம் குடுக்கிறது அதில இல்லாத சத்தம்தான். ஹவாய் மொழியில மெய் எட்டு, உயிர் அஞ்சு, அவ்வளவுதான், ஆனா ரெண்டு சொல் கேட்டவுடனே இது ஹவாய் எண்டு பிடிக்கலாம். அரபில ப இல்ல, அந்த ஒரு இடம் வெறுமையா இருக்கிறதே அதின்ட அடையாளம்.

ஙலுமிக்கு நான் முதல்ல வெளியில போட்டது ட, ண, ள, ழ, வளைநாக்கு மொத்தமும். தமிழ்க் காதுக்கு உடனே இது வெளியூர் எண்டு விளங்கும். அடுத்தது நெடில தூக்கினன், அ, இ, உ, எ, ஒ அஞ்சும் குறில் மட்டும். இருக்கிற மெய் ப, த, க, ம, ன, ங, ச, ல, ர, வ, ய எண்டு பதினொண்டு. (ந வும் ன வும் இதில ஒண்டுதான், சொல்லுக்கு முதல்ல வந்தா ந எண்டு எழுதுறன்.) புதுசாச் சேர்த்தது எண்டு ஒண்டும் இல்ல, ஆனா ங வுக்கு சொல்லின்ட முதல்ல வாற உரிமையக் குடுத்தன். தமிழ்ல ங எப்பவும் க வுக்கு முன்னால ஒட்டிக்கொண்டுதான் நிக்கும், வியட்நாம் மொழியிலயும் நியூசிலாந்து மாவோரியிலயும் அது சொல்லத் தொடங்கும். பழைய சத்தத்துக்கு புது இடம் குடுக்கிறது, புதுச் சத்தம் தேடி ஓடுறத விட எத்தினையோ மடங்கு நல்லது, வாய்க்கும் சுகம்.

சத்தம் தெரிஞ்சாப் பிறகு அசை எப்பிடி அமையும் எண்டு ஒரு வரியில எழுதுங்க. ஙலுமிட வரி: ஒவ்வொரு அசையும் ஒரு மெய்யோட தொடங்கும், ஒரு உயிர் வரும், முடிவில ஒண்டும் வராது இல்லாட்டி ன், ல், ர் இதில ஒண்டு வரும். இது போதும். எத்தினை அசை வரும் எண்டு கணக்குப் பாருங்க, 11 மெய், 5 உயிர், 4 வித முடிவு, பெருக்கினா 220. ரெண்டசைச் சொல் எண்டா 48,400. சத்தம் குறைஞ்சா சொல் போதாது எண்டு பயப்பிடத் தேவையில்ல. அழுத்தம் கடைசிக்கு முதல் அசையில விழும், அத முடிவெடுத்திட்டு விட்டிடுங்க.

அடுத்தது தான் உயிர்நாடி, சத்த விதிகள். சத்தங்கள் பக்கத்தில பக்கத்தில வரேக்க என்ன நடக்கும் எண்டதுதான் இது. தமிழ்ல இது ஒவ்வொரு வசனத்திலயும் நடக்குது, நாங்க கவனிக்கிறதே இல்ல. கடல், தங்கம், பகல் மூண்டையும் மெதுவாச் சொல்லிப் பாருங்க, தொண்டையில விரல வைச்சுச் சொன்னா இன்னும் நல்லாத் தெரியும், எழுத்து ஒரே க, சத்தம் மூண்டு. முதல்ல வந்தா இறுக்கம், மூக்குச் சத்தத்துக்குப் பின்னால மெதுமை, ரெண்டு உயிருக்கு நடுவில வந்தா கரைஞ்சு ஹ மாதிரி. இப்பிடி ஒரு நாலு விதி உங்கட மொழிக்கும் வேணும், தொடக்கத்தில நாலுக்கு மேல போகாதீங்க.

ஙலுமிட நாலு விதி இதுதான்.

ஒண்டு, ன் அடுத்து வாற மெய்யின்ட இடத்துக்கு மாறும். ப, ம வுக்கு முன்னால ம், த வுக்கு முன்னால ந், க வுக்கு முன்னால ங். தமிழ்ல இருந்து அப்பிடியே எடுத்தது.

ரெண்டு, ரெண்டு உயிருக்கு நடுவில தனிய நிக்கிற ப வ ஆகும், த ர ஆகும், க ஹ ஆகும். இந்த ஹ வேற எங்கயும் வராது, அதால பதினொண்டில சேர்க்கேல்ல.

மூண்டு, ர ரெண்டு கிட்டக்கிட்ட வந்தா முன்னால இருக்கிறது ல ஆகும். இது விளையாட்டுக்கு வைச்ச விதி இல்ல, லத்தீன்ல நடந்த விசயம்தான், அங்க ஒரே விகுதி, முன்னால இருக்கிற சொல்லுக்குள்ள ல இருந்தா அரிஸ் எண்டு வரும், இல்லாட்டி அலிஸ். வாய்க்கு ஒரே சத்தத்த அடுத்தடுத்துச் சொல்லுறது கஷ்டம்.

நாலு, விகுதியில இருக்கிற அ, தனக்கு முன்னால இ அல்லது எ இருந்தா எ ஆகும். துருக்கி மொழியில வீடுகள் எண்டதுக்கு எவ்லெர், குதிரைகள் எண்டதுக்கு அத்லர், ஒரே பன்மை விகுதிதான், முன்னால இருக்கிற உயிரப் பாத்து தன்ட உயிர மாத்துது. அதின்ட சின்ன வடிவம் இது.

விதி வேலை செய்யுதா எண்டு சோதிக்க நல்ல வழி ஊர்ப் பேர்கள அதுக்குள்ளால அனுப்பிப் பாக்கிறது. ஹவாய்க்காரர் மெரி கிறிஸ்மஸ் எண்டத மெலே கலிகிமகா எண்டு சொல்லுறது இதே வேலைதான், அவங்கட்ட ர இல்ல, ச இல்ல, ரெண்டு மெய் சேர்ந்தும் வராது, கடைசியில அவங்கட வாய்க்கு எது வருமோ அதுதான் வந்திருக்கு. திருகோணமலை ஙலுமிக்குள்ள போனா நெடில் குறுகும், ண ன ஆகும், க ஹ ஆகும், திருஹொனமலெ. நிலாவெளி நிலவெலி. கிண்ணியா கின்னிய. தம்பலகாமம் ம் ல முடிய ஏலாதபடியா தம்பலஹமன். மூதூர்தான் எனக்கு ஆகப் பிடிச்சது, நடுவில இருக்கிற த ர ஆகி முருர் எண்டு வரும், உடனே மூண்டாவது விதி பிடிச்சு முலுர் ஆக்கிடும். இப்பிடி நீங்க நினைச்சுப் பாக்காத ஒரு வடிவம் விதியால தானா வருதெண்டா உங்கட மொழிக்கு உயிர் வந்திட்டுது எண்டு அர்த்தம். உங்கட ஊர் ஒழுங்கையள், கோயில், கடை எல்லாத்தையும் இப்பிடிப் போட்டுப் பாருங்க, எந்த விதி சரிவரேல்லயோ அத இப்பவே மாத்துங்க, பின்னால மாத்துறது பெரிய வேலை.

எழுதுறதப் பற்றி ஒரு சொல். தனி எழுத்து வடிவம் வரையிறத இப்ப தொடங்காதீங்க, அதில மாசக்கணக்காப் போயிடும். உங்கட மொழியில இறுக்கமான ப வும் மெதுவான ப வும் வேற வேற பொருள் தருமெண்டா தமிழ் எழுத்து காணாது, 1888ல முதல்ல வெளிவந்த சர்வதேச ஒலியெழுத்த, ஐபிஏ எண்டு சொல்லுறது, கொஞ்சம் படிச்சு வைச்சுக்கொள்ளுங்க. ஙலுமியில மெதுமை மூக்குச் சத்தத்துக்குப் பின்னால மட்டும் வாறதால தமிழ் எழுத்தே தாராளம். எழுதுறத விட முக்கியம் போன்ல வொய்ஸ் ரெக்கோட் பண்ணுறது, ஒரு கிழமை விட்டுக் கேளுங்க, எந்தச் சொல்லில நாக்குத் தடக்குதெண்டு காதுக்குத் தெரியும்.

இனி பெயர்ச்சொல். விகுதி கண்டுபிடிக்க முதல் மூண்டு கேள்விக்குப் பதில் வேணும், இந்த மொழி பொருள்கள எப்பிடி வகை பிரிக்குது, எண்ணிக்கைய எப்ப காட்டுது, வசனத்தில ஆர் என்ன செய்யினம் எண்டத எப்பிடிக் காட்டுது.

வகை பிரிக்கிறதில தமிழ்க்காரருக்கு ஒரு பழக்கம் ஊறியிருக்கு, உயர்திணை, அஃறிணை. மனுசர் ஒரு பக்கம், மிச்சம் எல்லாம் மற்றப் பக்கம். ஸ்டார் ட்ரெக் படத்துக்கெண்டு மார்க் ஒக்ராண்ட் செய்த கிளிங்கன் மொழியிலயும் கதைக்கத் தெரிஞ்ச உயிர்களுக்கு ஒரு பன்மை விகுதி, உடம்பு உறுப்புக்கு ஒண்டு, மிச்சத்துக்கு ஒண்டு. சுவாஹிலியில இன்னும் விரிவு, மனுசன் எண்டா ம்து, மனுசர் வாது, அதே அடிச்சொல்லுக்கு முன்னால கி போட்டா கிது, பொருள், விது, பொருள்கள். அரபில இருந்து கித்தாப் எண்ட சொல் சுவாஹிலிக்குள்ள வந்தவுடனே அதின்ட கி ய தங்கட வகைக் குறி எண்டு எடுத்து, புத்தகங்கள் எண்டதுக்கு வித்தாபு எண்டு சொல்லத் தொடங்கிட்டாங்க. பொருள்களப் பிரிக்கிறது ஒரு சனத்தின்ட பார்வை, அதால உங்கட கற்பனைச் சனம் எதப் பெருசா நினைக்குதோ அதில பிரியுங்க.

ஙலுமிச் சனம் கடல்ல சீவிக்கிறதால ஓடுறது, நிக்கிறது எண்டு ரெண்டு வகை. ஆள், மீன், வள்ளம், அலை, காத்து, நெருப்பு, பேச்சு எல்லாம் ஓடுறது. பாறை, வீடு, மரம், உப்பு எல்லாம் நிக்கிறது. இதில சுவையான இடம் ரெண்டு வகைக்கும் போற சொல். யெமி எண்டா மீன், கடலுக்குள்ள இருக்கேக்க ஓடுறது, பிடிச்சு கரையில போட்டு கறிக்கு வெட்டினாப் பிறகு நிக்கிறது. பனு எண்டா தண்ணி, கிணத்துத் தண்ணி நிக்கிறது, கொட்டியாரக்குடாவில வந்து விழுற மகாவலித் தண்ணி ஓடுறது. கருவாடு எண்டு தனிச் சொல் தேவைப்படேல்ல, வகை மாறினாலே காணும். ரெண்டு வகையிலயும் நிக்கக்கூடிய சொல் ஒரு பத்துப் பதினஞ்ச கட்டாயம் தேடி வைங்க, வகை பிரிச்சதின்ட பலனே அங்கதான் இருக்கு.

எண்ணிக்கை: பன்மை விகுதி மி, ஓடுறதுக்கு மட்டும். நிக்கிற பொருளுக்கு பன்மை இல்ல, எண்ணுச் சொல் போட்டாக் காணும், நாங்களும் பத்து மாங்காய் எண்டுதான் சொல்லுறம், பத்து மாங்காய்கள் எண்டு ஆரும் சந்தையில கேக்கிறதில்ல. இதோட இன்னொண்டும் சேர்த்தன், மணல், அரிசி, கூட்டமாப் போற சின்ன மீன் மாதிரி எப்பவும் கூட்டமாவே இருக்கிற பொருளுக்கு வெறும் சொல்லே கூட்டத்தக் குறிக்கும், ஒண்டு எண்டு சொல்ல ன் சேரும். தியு மணல், தியுன் ஒரு மணல் மணி. சிங்களத்தில பொத் எண்டா புத்தகங்கள், பொத்த எண்டா அந்தப் புத்தகம், பொத்தக் எண்டா ஒரு புத்தகம், ஒருமைதான் நீளமான சொல். அரபிலயும் சமக் மீன், சமகா ஒரு மீன். பன்மை எண்டா எப்பவும் கூட்டித்தான் எழுதோணும் எண்ட நினைப்ப விடுறதுக்கு இது நல்ல வழி.

வேற்றுமைக்கு வருவம். எட்டு வேற்றுமை எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சபடியா எட்டையும் பேர் மாத்தி வைக்கோணும் எண்டு இல்ல. நாங்க கதைக்கிற தமிழையே பாருங்க, கத்தியால வெட்டினன், கடையால வாறன், ரெண்டுக்கும் ஆல தான், கருவியும் புறப்பட்ட இடமும் ஒரே விகுதிக்குள்ள வந்திட்டுது. தமிழ்நாட்டு ஆள் ஒருத்தருக்கு கடையால வாறன் எண்டது புதுசாக் கேக்கும். ஒரு விகுதிக்கு ஒரு பொருள் எண்டு கட்டினா இயந்திரம் மாதிரி இருக்கும், ஒரு விகுதிக்கு ரெண்டு மூண்டு வேலை குடுங்க.

ஙலுமியில விகுதி நாலு. செய்யிற ஆளுக்கு ஒண்டும் இல்ல. செயல் படுற பொருளுக்கு த, அதுவும் ஓடுற வகைக்கு மட்டும். போற பக்கத்துக்கும், ஆருக்காக எண்டதுக்கும், ஆருடையது எண்டதுக்கும் பு. இருக்கிற இடத்துக்கு க. இருந்து வாற இடத்துக்கு க வுக்கு மேல ன சேர்த்து கன, கடையில எண்டதோட இருந்து சேர்ந்து கடையிலருந்து ஆன மாதிரித்தான்.

இப்ப இந்த நாலு விகுதிய நாலு சொல்லோட சேருங்க, மேல சொன்ன சத்த விதிய மட்டும் பாவிச்சு. யெமி மீன், சுவன் வள்ளம், மசல் ஆள், ஙர அலை.

யெமி, யெமிரெ, யெமிவு, யெமிஹெ, யெமிஹெனெ.
சுவன், சுவந்த, சுவம்பு, சுவங்க, சுவங்கன.
மசல், மசல்த, மசல்பு, மசல்க, மசல்கன.
ஙர, ஙலர, ஙரவு, ஙரஹ, ஙரஹன.

பாருங்க, விகுதி ஒரே நாலுதான், ஆனா வெளியில இருந்து பாக்கிறவனுக்கு இந்த மொழியில பெயர்ச்சொல் நாலு விதமாத் திரியுது எண்டு தெரியும். படிக்க வாற ஆளுக்கு ஒரு அட்டவணை தேவைப்படும், ஆனா அந்த அட்டவணைய நான் உக்காந்து கண்டுபிடிக்கேல்ல, சத்த விதி செய்து தந்தது. ஙலர மாதிரி ஒரு வடிவத்த பேப்பர்ல இருந்து ஆராலயும் யோசிச்சு எடுக்க ஏலாது. சத்தமும் பெயர்ச்சொல்லும் ஒரே வேலை எண்டு தொடக்கத்தில சொன்னது இதத்தான். 1887ல சாமன்ஹாஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோவில பெயர்ச்சொல் எல்லாம் ஓ ல முடியும், பன்மைக்கு ய், செயல் படுற பொருளுக்கு ன், எங்கயும் மாறாது, உலகத்தில எல்லாரும் கெதியாப் படிக்கோணும் எண்டு செய்த மொழி அது, அதுக்கு அது சரி. ஒரு தீவில கனகாலமா சனம் கதைச்சு வந்த மொழி மாதிரி வேணுமெண்டா இந்தத் தேய்மானம் வேணும்.

விகுதி ஒட்டுற வரிசையையும் முடிவெடுத்து வைங்க. சொல், பன்மை, வேற்றுமை எண்டது தமிழ் வரிசை, ஙலுமியிலயும் அதுதான், மசல்மிரெ ஆக்கள, சுவம்மிஹெ வள்ளங்கள்ல. வேற்றுமை முன்னால வந்து பன்மை பின்னால வாறதும் செய்யலாம்தான், ஆனா அப்பிடி மொழி கிடைக்கிறது மிச்சம் அருமை, காரணம் இல்லாமச் செய்யாதீங்க.

விகுதி எங்க இருந்து வந்தது எண்டும் யோசிச்சு வைச்சா மொழிக்கு ஆழம் வரும். விகுதி நிறைய ஒரு காலத்தில தனிச் சொல்லா இருந்ததுதான். இருந்து எண்டது வினைச்சொல், இப்ப விகுதி. கொண்டு எண்டதும் அப்பிடித்தான். இதுக்கு எங்கட கரையிலயே ஒரு அருமையான சாட்சி இருக்கு, மட்டக்களப்பிலயும் திருகோணமலையிலயும் பறங்கியர் கதைச்சு வந்த போர்த்துக்கீசக் கிரியோல், போர்த்துக்கீசம் உள்ளூர் மொழியோட கலந்து பிறந்த மொழி. போர்த்துக்கல் நாட்டு மொழியில பெயருக்கு முன்னால வாற பாரா எண்ட சொல், இங்க தமிழோட பழகிப் பழகி ப எண்டு குறுகி பெயருக்குப் பின்னால போய் ஒட்டிக்கொண்டுது, எங்கட கு வும் ஐ யும் செய்யிற வேலைய அது செய்யுது. சொல் ஐரோப்பாட, சொல்லுக்குப் பின்னால ஒட்டுற முறை எங்கட. இலங்கை மலாய்க்காரர்ட மொழியிலயும் இதே மாதிரி வேற்றுமை விகுதி பின்னால வந்திருக்கு, மலாயாப் பக்கத்து மலாயில அது இல்ல. மொழி கட்டுற ஆள் ஒவ்வொருத்தரும் இந்த ரெண்டையும் தேடிப் படிக்கோணும், சனம் கூடி வாழுற இடத்தில இலக்கணம் எப்பிடிப் பிறக்குது எண்டத இத விடக் கிட்ட நிண்டு பாக்க ஏலாது.

இன்னொரு விசயம், கொஞ்சச் சொல்லுக்கு மட்டும் ஒரு பழைய முகம் வைங்க. மரம் எண்ட சொல் விகுதி சேரேக்க மரத்த ஆகுது, வீடு வீட்ட ஆகுது, ஆறு ஆத்த ஆகுது. ஙலுமியில பழைய சொல் சிலதுக்கு கடைசி ன் தனிய நிக்கேக்க தேஞ்சு போயிட்டுது, விகுதி வந்தா திரும்பி எழும்பும். வெரு வீடு, ஆனா வெருஹ இல்ல, வெருங்க, வீட்டில. வெருவு இல்ல, வெரும்பு, வீட்டுக்கு. இந்த மாதிரிச் சொல்ல நாளாந்தம் புழங்குற பொருளுக்கு மட்டும் வைங்க, வீடு, கை, அம்மா, சோறு. அடிக்கடி வாயில வாற சொல்தான் பழைய வடிவத்தக் காப்பாத்தும், எப்பவாவது வாற சொல் பொது விதிக்கு வந்திடும். கொப்பியில தூரத்தில இருக்கிற சொல்லுக்கு எல்லாம் விலக்கு வைச்சா அது ஒருத்தருக்கும் நினைவில நிக்காது.

ஹிந்தியில செயல் முடிஞ்சதச் சொல்லுற இறந்தகால வசனத்தில, செயல் படுற பொருள் ஒண்டு இருந்தா, செய்யிற ஆளுக்கு நே எண்டு ஒரு குறி வரும், செயல் படுற பொருள் பெரும்பாலும் சும்மா நிக்கும், எங்களுக்கு நேர் எதிர். பாஸ்க் மொழியில அது எல்லாக் காலத்திலயும். ரெண்டாவது மொழி கட்டேக்க இத எடுத்துப் பாருங்க, முதல் மொழியில வேண்டாம்.

இவ்வளவும் செய்தாப் பிறகு வசனம் ஒண்ட வைச்சு சோதியுங்க. வினைச்சொல் இலக்கணம் இன்னும் இல்லாட்டிலும் பரவாயில்ல, ரெண்டு வினைய மாறாத வடிவத்தில வைச்சுக்கொள்ளுங்க, ரவு பாக்கிறது, லனு கொண்டு வாறது.

மசல் யெமிரெ ரவு, ஆள் ஒருத்தர் மீனப் பாத்தார், கடலுக்குள்ள ஓடுற மீன். மசல் யெமி ரவு, அவர் பாத்தது சந்தைக்கு வந்த மீன். ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு விகுதி. யெமிரெ மசல் ரவு எண்டு மாத்திப் போட்டாலும் பொருள் மாறாது, ரெ எண்டு காட்டித் தந்திடுது. ஆனா நிக்கிற பொருள் ரெண்டு ஒரு வசனத்தில வந்தா இடம் மாத்த ஏலாது, ரெண்டிலயும் குறி இல்லாதபடியா எது எதச் செய்தது எண்டு குழம்பும். அப்ப ஙலுமியில ஓடுற பொருளுக்கு வசனத்தில எங்கயும் போற சுதந்திரம் இருக்கு, நிக்கிற பொருள் வினைக்குப் பக்கத்திலயே நிக்கோணும். வசன ஒழுங்குக்கு எண்டு தனியா ஒரு விதி எழுதாமலே அதுவும் கிடைச்சிட்டுது.

கொஞ்சம் நீளமா: மசல்மி முலுர்கன சுவங்க யெமி லனு. மசல்மி ஆக்கள், முலுர்கன மூதூர்ல இருந்து, சுவங்க வள்ளத்தில, யெமி மீன், லனு கொண்டு வந்தாங்க.

உங்கட மொழியில இதே மாதிரி ஒரு அஞ்சு வசனம் எழுதி, வீட்டில ஆருக்கும், தம்பிக்கோ அக்காவுக்கோ, பொருள் சொல்லாம வாசிச்சுக் காட்டுங்க. அவங்க திருப்பிச் சொல்லேக்க எந்தச் சத்தத்த மாத்திச் சொல்லுறாங்க எண்டத எழுதி வைங்க, மூண்டு பேர் ஒரே இடத்தில மாத்தினா அது உங்கட அஞ்சாவது சத்த விதியா இருக்கலாம், எடுத்துச் சேர்த்திட்டு அட்டவணைய ஒருக்கா திரும்பப் போடுங்க. அந்த அஞ்சு வசனத்தையும் பேப்பரப் பாக்காமச் சொல்ல உங்களுக்கு வந்தாப் பிறகு வினைச்சொல்லத் தொடங்குங்க.